காருக்கும் ஜாதகம் உண்டு!

பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஜாதகத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்குகிற என் மனைவி ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பு வாடியிருந்தால் ஒதுக்கிவிட்டு வேறு கேட்கிறாள்.

ஏழெட்டு லட்சம் கொடுத்துக் கார் வாங்கப் போகிறவர்கள் மட்டும் என்ன செய்கிறார்கள்? கலர் பார்க்கிறார்கள்! "பார்ல் ஒயிட்டா, சில்வரா?" என்று குடும்பத்தோடு மூன்று நாள் விவாதம். அந்தக் கார் எப்போது பிறந்தது என்று கேட்பவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

எங்கள் தெரு வாத்தியார் கேட்டார். கேட்டும் ஏமாற்றப்பட்டார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

திருச்சியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்து ரிடையர் ஆனவர் வாத்தியார். தெருவில் அவருக்கு வேறு பெயரே கிடையாது. வீட்டம்மாவுக்கு கிட்னியில் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். போகும்போது ஆட்டோ பரவாயில்லை. நாலு மணி நேரம் படுத்துவிட்டுத் துவண்டு போய்த் திரும்பும்போது, அந்தக் குலுக்கலில் அந்த அம்மா படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், பேங்க்கில் போட்டு வைத்திருந்த ரிடையர்மென்ட் பணத்தை எடுத்தார் மனுஷர். வயசு 62. அதற்கு முன்னால் அவர் ஓட்டிய அதிகபட்ச வாகனம் டி.வி.எஸ். 50!

2024 மாசி மாசத்தில் ஒரு நாள் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். (எந்த ஷோரூம் என்று கேட்காதீர்கள். அவர் இன்னும் அங்கேதான் சர்வீஸ் விடுகிறார்!)

ஏ.சி., ஏலக்காய் டீ, 'வெல்கம் சார்' எல்லாம் முடிந்து, டை கட்டிய பையன் ஒருவன் கொட்டேஷன் என்று ஒரு தாளை நீட்டினான். கணக்கு வாத்தியாராச்சே... சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்துவிட்டது.

எக்ஸ்-ஷோரூம் 6,80,000. சரி. ஆயுள் வரி... தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம். அது அரசாங்கம் கேட்பது, பேச்சே இல்லை. அடுத்த வரியில் பேனா நின்றது. 'ஹேண்ட்லிங் சார்ஜ் 7,500'.

"இது என்ன தம்பி?"

"டெப்போவுலேருந்து வண்டியைக் கொண்டு வந்து, கழுவித் துடைச்சு, உங்களுக்குக் குடுக்கிற செலவு சார்."

"எக்ஸ்-ஷோரூம்னா என்ன அர்த்தம்?"

"ஷோரூம்ல வண்டியோட விலை சார்."

"வண்டி ஷோரூமுக்கு வந்தாத்தானே ஷோரூம் விலை? வர்றதுக்கு நான் ஏன் தனியா குடுக்கணும்? சரி, கழுவாம குடுத்தா எவ்வளவு குறைப்பே?"

பையன் சிரித்தான். "சிஸ்டத்துல வருது சார், எடுக்க முடியாது" என்றான். இந்த 'சிஸ்டம்' என்கிற சாமி எந்தக் கோயிலில் இருக்கிறது என்று தெரிந்தால், நானே போய் ஒரு தேங்காய் உடைப்பேன். எது கேட்டாலும் 'சிஸ்டம் ஒத்துக்கலை' என்று பூசாரிகள் சொல்கிறார்களே தவிர, சாமியை யாரும் நேரில் பார்த்ததில்லை.

இன்ஷூரன்ஸிலும் அதே கூத்து. வெளியில் விசாரித்ததைவிட ஒன்பதாயிரம் அதிகம். "வெளியில எடுத்தா கேஷ்லெஸ்ல பிரச்னை வரும் சார்" என்று மிரட்டல். உண்மை என்னவென்றால், புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மூன்று வருஷத்துக்கு எடுத்தாக வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து சுப்ரீம் கோர்ட் உத்தரவு. நம் வண்டிக்கு நாமே எடுக்கிற ஓன் டேமேஜ் ஒரு வருஷத்துக்கு எடுத்தால் போதும். அதை யாரிடம் எடுப்பது என்பது வாங்குகிறவர் இஷ்டம். எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்தக் கூடாதென்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே விதி போட்டாகிவிட்டது. வாத்தியார் வெளிக் கொட்டேஷனை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஐந்து நிமிஷத்தில் ஒன்பதாயிரம் காணாமல் போய்விட்டது. அப்போது மட்டும் சிஸ்டம் ஒத்துக்கொண்டது!

ஹேண்ட்லிங் சார்ஜை விடவில்லை. வாத்தியாரும் விடவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, ஷோரூம் வைத்துக்கொள்கிற காப்பியில் 'ஆட்சேபத்துடன் செலுத்தப்படுகிறது' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் காப்பியிலும் அதே வரி. பையன் பரீட்சை பேப்பரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு வேலை செய்தார். அந்தப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி: 'எனக்கு ஒதுக்கியுள்ள வண்டி எந்த மாதம், எந்த வருடம் தயாரானது? பதில் தரவும்.'

பதில் வந்தது. 'ஃப்ரெஷ் ஸ்டாக் சார்.' பக்கத்தில் ஒரு கட்டை விரல். ஒரு கும்பிடு.

டெலிவரி நாள். கல்யாண மண்டபம் தோற்றது போங்கள்! வண்டிக்கு மாலை, சிவப்புத் துணி போட்டு மூடித் திறந்து வைத்தல், ஆளுயர அட்டைச் சாவி, கேக், கைதட்டல், போட்டோ. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அந்தச் சந்தோஷத்தின் நடுவிலேதான் ஒரு ஃபைல் வரும். 'இங்க ஒண்ணு சார்... இங்க ஒண்ணு... இங்க ரெண்டு...' பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து. பின்னால் அடுத்த குடும்பம் மாலையோடு காத்திருக்கிறது. நிதானமாகப் படிக்க முடியுமா? அதில் ஒரு தாள் சொல்கிறது: 'வண்டியை முழுவதும் பரிசோதித்து, நல்ல நிலையில், பூரண திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்.'

பிற்பாடு சண்டை என்று வந்தால் டீலரின் வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது அந்தத் தாளைத்தான்.

அதைவிட முக்கியமான தாள் ஒன்று உண்டு. ரெஜிஸ்ட்ரேஷனுக்கான படிவம் 20. புக்கிங் அன்றைக்கே வெற்றுத் தாளாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதில் 'தயாரிக்கப்பட்ட மாதம், வருடம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புவது ஷோரூம்காரர், அப்புறமாக! விற்பனைச் சான்றான படிவம் 21-லும் அதே கட்டம் உண்டு. ரெஜிஸ்டர் ஆகாத வண்டியை டெலிவரி கொடுக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி 42. ஆகவே மாலை போடுவதற்கு முன்னாலேயே அந்தக் காரின் பிறந்த தேதி ஃபைலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கேக் வெட்டுவதற்கு முன் 'படிவம் 21-ஐக் காட்டுங்க தம்பி' என்று யாராவது கேட்டால், ஷோரூமில் பாதிச் சிரிப்பு நின்றுவிடும். வாத்தியார் கேட்டார். "ஃபைல் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருக்கு சார், பதினஞ்சு நாள்ல வந்துடும்" என்றார்கள்.

ஃபைல் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஆர்.சி. கார்டு தபாலில் வந்தது. வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தயாரிப்பு: 12/2022.

2024 மார்ச்சில் வாங்கிய 'ஃப்ரெஷ் ஸ்டாக்' பதினைந்து மாசக் குழந்தை!

பக்கத்துத் தெரு மெக்கானிக் பாயைக் கூப்பிட்டோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். "இதோ பாருங்கய்யா, 4822. நாப்பத்தெட்டாவது வாரம், 2022-ஆம் வருஷம். அஞ்சு டயரும் அப்படித்தான், ஸ்டெப்னி உள்பட" என்றார். டயரின் பக்கவாட்டில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நாம் எல்லோரும் டெலிவரி அன்றைக்கு டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோம். பழத்தைப் பார்க்கிறோம். ஒரு சாண் மேலே இருக்கிற நம்பரைப் பார்ப்பதில்லை.

பழைய ஸ்டாக்கை விற்பது குற்றமா என்றால், இல்லை. சொல்லி விற்றால் குற்றமே இல்லை. 'போன வருஷ வண்டி சார், அறுபதாயிரம் குறைச்சுத் தர்றோம்' என்றால் சந்தோஷமாக வாங்க ஆள் இருக்கிறது. இதன் பின்னால் இருக்கிற கஷ்டமும் கொஞ்சம் நஞ்சமில்லை. டீலர் கம்பெனியிடமிருந்து வண்டியைக் காசு கொடுத்து வாங்குகிறார். பெரும்பாலும் பேங்க் கடனில். நம் ஊரில் ஆடி என்றால் வாங்க மாட்டோம், மார்கழி என்றால் வாங்க மாட்டோம். விற்காத வண்டி யார்டில் வெயிலில் காய்ந்துகொண்டே வட்டியைத் தின்கிறது. ஆகவே பழசைத் தள்ளிவிடச் சொல்லி மேலேயிருந்து பையன்களுக்கு நெருக்கடி. அந்த டை கட்டிய பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கட்டை விரலைக் காட்டச் சொல்லிக் கொடுத்தவர்கள்மேல்தான் வந்தது.

ஆனால் வாங்கியவருக்கு நஷ்டம் நஷ்டம்தான். டயர், பேட்டரி, ரப்பர் எல்லாம் நின்ற இடத்திலேயே வயசாகிறவை. நாளைக்கு விற்கப் போனால், எந்த வருஷம் வாங்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, ஆர்.சி.யில் தயாரிப்பு வருஷத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள்.

ஜெனரல் மேனேஜரைப் பார்த்தோம். "வாரண்டி வாங்கின தேதியிலேருந்துதானே சார் ஆரம்பிக்குது, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார். அப்புறம், "திருப்தின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!" என்றார். கடைசியில், "ஒரு செட் ஃப்ளோர் மேட்டும் ரெண்டு ஃப்ரீ சர்வீஸும் தர்றோம்" என்றார். கம்பெனியின் டோல் ஃப்ரீ நம்பருக்குப் போன் போட்டால், 'உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரு பெண் குரல் பாட்டோடு சொன்னது. நாலாவது நாள் எஸ்.எம்.எஸ்.: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள்?'

வாத்தியாரிடம் போய் மார்க் கேட்கலாமோ?

வீட்டம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "வண்டி நல்லாத்தானே ஓடுது, இந்த உடம்போட என்னையும் வச்சுக்கிட்டு எதுக்குங்க கோர்ட்டு கேஸுன்னு அலைச்சல்?" என்றார்.

"ஓடலைன்னு யார் சொன்னா? ஃபெயிலாகி அதே கிளாஸ்ல உட்கார்ந்திருந்த பையனைப் புது அட்மிஷன்னு சொல்லி என்கிட்ட சேர்த்திருக்காங்க. ஃபீஸையும் முழுசா வாங்கிக்கிட்டு!"

முதலில் 1915-க்குப் போன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அங்கிருந்து டீலருக்குப் புகார் போயிற்று. பழைய பதிலே வந்தது. பிறகு டீலருக்கும் கம்பெனிக்கும் ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ். பதினைந்து நாள் பொறுத்துவிட்டு, ஜூலையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு.

இங்கே நிறையப் பேர் பயப்படுகிறார்கள். வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதே கிடையாது. நாமே எழுதி நாமே வாதாடலாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்த பிறகு, வாங்கிய ஊருக்கு ஓட வேண்டியதில்லை. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். பிரச்னை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அதற்குமேல் பத்து லட்சம் வரை? 200 ரூபாய்! வாத்தியார் அந்த ரசீதை என்னிடம் காட்டி, "அவன் கழுவித் துடைக்க ஏழாயிரத்து ஐந்நூறு. அரசாங்கம் விசாரிக்க இருநூறு" என்றார்.

யார்மேல் போடுவது என்பதில்தான் சூட்சுமம். டீலரைக் கேட்டால் கம்பெனியைக் கை காட்டுவார். கம்பெனி டீலரைக் கை காட்டும். 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று, கிட்டத்தட்ட நம் வாத்தியார் கதையேதான். கோவாவில் ஒருவர் 2011-இல் புது வண்டி கேட்டிருக்கிறார். டீலர் கொடுத்தது 2009 மாடல். அதுவும் சில நூறு கிலோமீட்டர் ஏற்கெனவே ஓடிய வண்டி! கீழே எல்லா இடத்திலும் டீலரும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து பொறுப்பு என்றுதான் உத்தரவு. சுப்ரீம் கோர்ட்டோ, டீலர் தன் இஷ்டத்துக்குச் செய்த காரியத்துக்குக் கம்பெனி பொறுப்பாகாது, கம்பெனிக்கு அதில் பங்கு உண்டென்று காட்டினால்தான் ஆகும் என்று டாடா மோட்டார்ஸை விடுவித்துவிட்டது. ஆக, விற்றதில் தில்லுமுல்லு என்றால் பிடிக்க வேண்டிய குடுமி டீலருடையது.

வண்டியிலேயே பழுது என்றால் கதை வேறு. அதிலும் 'எனக்குப் புதுக் கார்தான் வேண்டும்' என்று எடுத்தவுடன் கேட்டால் நடக்காது. மாருதி கார் ஒன்றின் கிளட்ச் தகராறில், வாரண்டியில் சொன்னபடி பழுதான பாகத்தை மாற்றிக் கொடுக்கச் சொல்லலாமே தவிர முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதே சுப்ரீம் கோர்ட் 2022 ஏப்ரலில், விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் க்ரெட்டா வழக்கில், வண்டியையே மாற்றிக் கொடு, நஷ்ட ஈடும் கொடு என்ற உத்தரவை உறுதி செய்தது. இடித்த வேகம் போதாது, விசை போதாது என்றெல்லாம் கம்பெனி வாதாடியது. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க, கார் வாங்குகிறவர் ஃபிஸிக்ஸ் நிபுணராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது கோர்ட். படித்துவிட்டு வாத்தியார், "கணக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்கிறாங்க" என்றார்.

எதிர்த் தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கெஞ்சினால் இன்னும் 15 நாள், அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது. சட்டம் அவ்வளவு கறார். மூன்று மாசத்தில் தீர்ப்பு என்றும் அதே சட்டம் சொல்கிறது. அங்கேதான் சிரிப்பு வருகிறது. வாத்தியார் வழக்குக்குப் பதினாறு மாசம் ஆயிற்று. டீலரின் வக்கீலுக்கு ஒரு வாய்தாவில் காய்ச்சல், அடுத்த வாய்தாவில் ஜூனியர் மட்டும் வந்தார், அதற்கடுத்த வாய்தாவில் ஃபைலைக் காணோம்.

வாத்தியார் ஆணையத்திடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: முடிந்தவரை செவ்வாய் அல்லது வெள்ளியில் தேதி கொடுங்கள். காலையில் வீட்டம்மாவை டயாலிசிஸில் படுக்க வைத்துவிட்டு, அந்த நாலு மணி நேரத்துக்குள் அதே காரில் ஆணையத்துக்கு வந்து, கூப்பிடுகிற வரை பெஞ்சில் உட்கார்ந்து, வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பிப் போய் அழைத்துக்கொண்டு வருவார். மூன்று தடவை கூப்பிட நேரமாகி, என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்று தடவையும் அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கேட்டது, "சாப்பிட்டாரா?" என்றுதான்.

வாதம் நடந்த அன்று நானும் இருந்தேன். "மனுதாரர் படித்தவர், ஆசிரியர். பரிசோதித்துப் பார்த்துத்தான் பூரண திருப்தி என்று கையெழுத்திட்டிருக்கிறார்" என்று வக்கீல் அந்தத் தாளைத் தூக்கினார், எதிர்பார்த்ததுதான். வாத்தியார் எழுந்தார்.

"ஐயா, வண்டி நல்லா இருக்குன்னுதான் கையெழுத்துப் போட்டேன். இப்பவும் நல்லாத்தான் இருக்கு. வண்டி எப்ப செஞ்சதுன்னு அந்தத் தாள்ல ஒரு வார்த்தை இல்லை. அதை நான் தனியா எழுத்துலே கேட்டேன். அவங்க பதிலும் எழுத்துலே இருக்கு" என்று வாட்ஸ்அப் பிரதியை நீட்டினார். உறுப்பினர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, வக்கீலிடம், "இந்தக் கட்டை விரலுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். வக்கீலிடம் பதில் இல்லை. படிவம் 20-ஐ வரவழைத்தார்கள். கையெழுத்து வாத்தியாருடையது, கட்டங்களை நிரப்பிய எழுத்து வேறு யாருடையதோ.

2025 நவம்பரில் உத்தரவு. விலை வித்தியாசத்துக்கு 60,000, ஹேண்ட்லிங் சார்ஜ் 7,500 திரும்பத் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 25,000, செலவுக்கு 5,000. எல்லாம் டீலர் தலையில். கம்பெனிமேல் போட்டது தள்ளுபடி.

அப்பீலுக்கு 45 நாள் அவகாசம் உண்டு. ஆனால் மாநில ஆணையத்துக்கு அப்பீல் போக வேண்டுமென்றால், உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். டீலர் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. 43-ஆவது நாள் டி.டி. வந்துவிட்டது. 97,500 ரூபாய். கூடவே ஷோரூமிலிருந்து ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை!

டி.டி.யை பேங்க்கில் போட்டுவிட்டு வந்த வாத்தியார், வீட்டம்மாவிடம் பாஸ்புக்கைக் காட்டினார். அந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "அஞ்சு டயரையும் மாத்திடுங்க. வயசாயிடுச்சுன்னு பாய் சொன்னாரே" என்றார்.

மாற்றியாகிவிட்டது. டயர் கடையில் புது டயரை உருட்டிக்கொண்டு வந்தபோது வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்ததைப் பார்த்து, கடைக்காரர் பதறிப் போய்ச் சொன்னாராம்: "சார், இருங்க... உள்ளேயிருந்து வேற எடுத்துட்டு வரச் சொல்றேன்!"